சோர்ஸ் கோடு சுத்தம், கம்பைலர்?

[திரையில்: ஐந்து வரி சி நிரல்]

இந்த நிரலில் ஐந்தே வரி. முழுக்கப் படித்துவிடலாம், எதையும் ஒளிக்க இடமில்லை. ஆனால் கணினியில் ஓடப்போவது இந்த ஐந்து வரி அல்ல, கம்பைலர் என்ற மொழிமாற்றி நிரல் இந்த சோர்ஸிலிருந்து உருவாக்கும் பைனரி, அதாவது இயந்திரத்துக்கான கோடு. அதை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. வேவு பார்க்க நினைக்கும் அரசுக்கு அந்த இடைவெளி போதும்.

யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதுக்கான உரையில் இதைத்தான் எடுத்துக்கொண்டார். 1984இல் அச்சான அந்த உரையில் வரும் கம்பைலர், இரண்டே இடங்களில் திருட்டுத்தனம் செய்யும். யூனிக்ஸின் லாகின் நிரலைக் கம்பைல் செய்தால், ரகசியக் கடவுச்சொல் ஒன்றையும் ஏற்கும்படி மாற்றிவிடும். தன் சொந்த சோர்ஸைக் கம்பைல் செய்தால், இந்தத் திருட்டையே புதுக் கம்பைலருக்குள் செருகிவிடும். அதன்பின் சோர்ஸிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். திருட்டு பைனரி வழியாகவே தலைமுறை தாண்டிப் போகும். யோசனையை ஒரு விமானப்படை ஆவணத்தில் படித்ததாக தாம்சனே சொன்னார். அது 1974இல் அமெரிக்க விமானப்படைக்காக கார்கரும் ஷெல்லும் எழுதிய, மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தின் பாதுகாப்பு மதிப்பீடு.

[திரையில்: 2015 மார்ச்]

அமெரிக்க உளவு ரகசியங்களை வெளிக்கொண்டுவந்த ஸ்னோடனின் ஆவணங்களை வைத்து, தி இன்டர்செப்ட் செய்தித்தளம் வெளியிட்ட செய்தி. ஆப்களைக் கட்டும் ஆப்பிளின் எக்ஸ்கோடு கருவிக்குத் திருத்தப்பட்ட பதிப்பு ஒன்றைத் தயாரித்ததாக, சிஐஏவோடு சேர்ந்து வேலைசெய்த ஆய்வாளர்கள் 2012இல் ஒரு ரகசியக் கூட்டத்தில் விளக்கியிருந்தார்கள். திட்டத்தின் பெயர் ஸ்ட்ராஹார்ஸ். அதில் கட்டப்படும் ஐபோன் ஆப்கள் தரவை உளவாளிகளின் ஒட்டுக்கேட்கும் இடத்துக்கு அனுப்பும். அதை டெவலப்பர் கையில் எப்படிச் சேர்ப்பது என்பது அந்த ஆவணத்தில் இல்லை.

அந்தக் கேள்விக்கு ஆறே மாதத்தில் வேறு யாரோ விடை காட்டினார்கள். ஆப்பிள் சர்வரிலிருந்து எக்ஸ்கோடை இறக்க சீனாவில் அப்போது நேரமானது. அதனால் பலரும் பைடு கிளவுட் என்ற சீனக் கோப்புப் பகிர்வுத் தளத்தில் கிடைத்த நகலை எடுத்தார்கள். உள்ளே கோர்சர்வீசஸ் என்ற இடத்தில் ஒரு கூடுதல் ஆப்ஜெக்ட் ஃபைல், அதாவது ஆப்களோடு சேர்ந்துகொள்ளும் கம்பைல் செய்த துண்டு. எக்ஸ்கோடுகோஸ்ட் என்று பெயர் பெற்ற அது சீனாவின் பிரபல அரட்டை ஆப்பான வீசாட்டின் 6.2.5 பதிப்பு வரை புகுந்தது. கட்டியவர்களுக்கே தெரியாது.

[திரையில்: மேக் டெர்மினல்]

உங்கள் எக்ஸ்கோடைச் சோதிக்க, டெர்மினலில் எஸ்பிசிடிஎல் கட்டளையை அசெஸ், வெர்போஸ் இரண்டோடும் (spctl --assess --verbose) கொடுத்து எக்ஸ்கோடின் பாதையைக் காட்டுங்கள். சில நிமிடம் ஆகும், பாதியில் நிறுத்தாதீர்கள். 'அக்செப்டட்' என்றும், மூலம் ஆப்பிள், ஆப்பிள் சிஸ்டம் அல்லது மேக் ஆப் ஸ்டோர் என்றும் வர வேண்டும். வேறு எது வந்தாலும் அழித்துவிட்டு நேரடியாக ஆப்பிளிடமிருந்து இறக்குங்கள்.

சரி, கட்டி முடித்த பைனரியை நம்புவது எப்படி? ஒரே சோர்ஸை இரண்டு பேர் தனித்தனி இயந்திரங்களில் கட்டி, ஷா-256 ஹேஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, ஒப்பிட வேண்டும். ஸ்னோடன் செய்திகள் வந்த 2013இலேயே அடையாளத்தை மறைத்து இணையம் பார்க்க உதவும் டார் (Tor) பிரவுசர் இந்த வழிக்கு வந்தது. ஒருவரை மிரட்டியோ அவர் கணினிக்குள் நுழைந்தோ பைனரியை மாற்றினால், மற்றவரின் ஹேஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் முயற்சியில் ஹேஷ் பொருந்தாது. பதறி உளவாளியைத் தேட வேண்டாம், வித்தியாசத்தைக் காட்டும் டிஃபோஸ்கோப் கருவியில் இரண்டு பைனரியையும் போடுங்கள்.

[திரையில்: இரண்டு வரிகள். ஒன்றில் 14:05:09, மற்றதில் 14:07:31]

பெரும்பாலும் இதுதான். கட்டிய நேரம் பைனரிக்குள் பதிந்துவிடுகிறது. சோர்ஸ் டேட் எபோக் (SOURCE_DATE_EPOCH) என்ற சூழல் மாறியில் கடைசி கமிட்டின், அதாவது சோர்ஸில் கடைசியாகப் பதிந்த மாற்றத்தின் நேரத்தை நொடிக்கணக்கில் வையுங்கள். ஜிசிசி என்ற சி கம்பைலர், பதிப்பு 7 முதல் அதை மதிக்கும். அடுத்த குற்றவாளி, உங்கள் ஹோம் ஃபோல்டரின் பாதை. அதை நீக்க ஜிசிசி 8 முதல் ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப், கோ மொழியில் டிரிம்பாத் என்ற விருப்பங்களைக் கொடுங்கள். பல கோப்புகளை ஒன்றாக்கும் டார் (tar) தொகுப்பைக் கட்டும்போது பெயர்வரிசையைக் கட்டாயமாக்குங்கள், இல்லையென்றால் வட்டு தரும் வரிசையே உள்ளே போகும். சுருக்கித் தரும் ஜிஜிப்புக்கு மைனஸ் என் (-n) கொடுக்க மறந்தால் அதுவும் தன் பங்குக்கு நேரத்தை எழுதிவைக்கும். நேரவலயத்தை எல்லோரும் யூடிசி என்றே வையுங்கள்.

ஒரு ஓட்டை மிச்சம். இருவர் கையிலும் ஒரே விஷக் கம்பைலர் இருந்தால் ஹேஷ் அழகாகப் பொருந்தும்! இதற்குக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் சொன்ன வழி: சந்தேகத்துக்குரிய கம்பைலரின் சோர்ஸைத் தொடர்பில்லாத வேறொரு கம்பைலரில் கட்டுங்கள். வந்ததை வைத்து அதே சோர்ஸை மறுபடி கட்டுங்கள். இந்த இரண்டாவது பைனரி, சந்தேகத்துக்குரிய கம்பைலர் தன் சோர்ஸைத் தானே கட்டித் தரும் பைனரியோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போக வேண்டும். முதலாவதை ஒப்பிடாதீர்கள், அது வேறாகத்தான் இருக்கும்.

ஆண்ட்ராய்டில் சிக்னல் என்ற அரட்டை ஆப் 2016 முதல் இப்படி ஒப்பிட இடம் தருகிறது. ஒப்பிடும்போது கையெழுத்துக் கோப்புகளை விட்டுவிடுங்கள், அவை சிக்னலின் சாவியில்லாமல் உருவாகாது. ஐபோனில் கதை வேறு. ஆப் ஸ்டோர் பைனரியைப் பூட்டியே அனுப்புகிறது. டெலிகிராமின் ஐபோன் பதிப்பை ஒப்பிடக்கூட ஜெயில்பிரேக் செய்த, அதாவது ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைத்த போன் ஒன்று வேண்டும்.