ரிகொண்டோவின் வலது கால்

வணக்கம்.

கிளித்தட்டு ஆடித் திரிந்தவர்களுக்கு இன்றைய கதை சட்டென்று விளங்கும். ஒரே பெட்டிக்குள் நின்று கிளியைப் பேய்க்காட்டிக்கொண்டே இருக்கிற ஒருத்தன் எல்லா அணியிலும் இருப்பான். அவனில் கை படவே படாது. பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அடுத்த கோட்டைத் தாண்டமாட்டான். பின்னுக்கு நிற்கிறவர்கள் "ஓடடா, ஓடடா" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள்.

குத்துச்சண்டையில் அப்படி ஒருவர் இருந்தார். பெயர் கியெர்மோ ரிகொண்டோ. 1980இல் கியூபாவின் சந்தியாகோ நகரில் பிறந்தவர். பட்டப்பெயர் குள்ளநரி. 2000இல் சிட்னியிலும் 2004இல் ஏதென்சிலும் 54 கிலோ எடைப்பிரிவில் ஒலிம்பிக் தங்கம். 2001, 2005 ஆண்டுகளில் உலக அமெச்சூர் பட்டம். இவ்வளவு வென்ற மனிதரின் சண்டைக்கு ரிக்கெட் விற்கவில்லை. அரைவாசியில் சனம் எழும்பிப் போனது. ஏன் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பின்னேரத்தில் கையுறை மாட்டுகிற பிள்ளைகளும் அவர்களுக்குப் பழக்குகிறவர்களும் கொஞ்சம் காது கொடுங்கள்.

"அவர் பயந்தவர்" என்று சொல்லிவிடுவது சுகம். அது சரியில்லை. அவரை அப்படி ஆக்கியதில் பெரிய பங்கு ஒரு மெசினுக்கு உண்டு. 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் ரோய் ஜோன்ஸ் அடி அடியென்று அடித்தும், தீர்ப்பு கொரிய வீரருக்குப் போனது. அந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகு, 1992 பார்சலோனாவிலிருந்து ஒலிம்பிக்கில் மின்னணுப் புள்ளிமுறை வந்தது. ஐந்து நடுவர்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் சிவப்பு, நீலம் என்று இரண்டு பொத்தான்கள். மூன்று பேர் ஒரு செக்கனுக்குள் ஒரே நிறத்தை அமத்தினால்தான் ஒரு புள்ளி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கிட்ட நெருங்கி நாலைந்து குத்தைப் படபடவென்று இறக்கினால், எது பட்டது எது படவில்லை என்று நடுவருக்கே தெரியாது, விரல் பிந்திவிடும். தூரத்திலிருந்து நேராக, தனியாக, சுத்தமாக வருகிற ஒரு குத்து ஐந்து பேருக்கும் தெரியும். எதிராளியை நிலத்தில் விழுத்தினாலும் அதே ஒரு புள்ளிதான். ஆகவே கணக்கு இதுதான்: ஒன்று அடி, விலகு, மூன்று நாலு புள்ளி முன்னுக்குப் போனால் பிறகு பிடிகொடாதே. சிட்னி இறுதியில் ரிகொண்டோ ரஷ்யரை வென்றது 18க்கு 12 என்று. இரண்டு நிமிடச் சுற்று நாலு, மொத்தம் எட்டு நிமிடம். நிமிடத்துக்கு இரண்டு புள்ளி சொச்சம் எடுத்தால் தங்கம். இருபது வயதுப் பெடியன் ஒருவனுக்கு இதைவிட ஆழமாக வேறு பாடம் பதியுமா?

இனி அவருடைய கைவேலை, இல்லை, கால்வேலை. அவர் இடக்கைக்காரர். வலது கால் முன்னுக்கு, இடது கை தாடையோடு. வலக்கைக்காரனோடு நிற்கும்போது முன்கால் இரண்டும் ஒன்றையொன்று முட்டும். அந்த இடத்தில்தான் சண்டையே நடக்கிறது. ரிகொண்டோ தன் வலது காலை எதிராளியின் இடது காலுக்கு வெளிப்பக்கமாக, நாலைந்து விரல்கடை தள்ளி வைப்பார். அப்படி வைத்தால் அவருடைய இடது நேர்க்குத்துக்கு எதிராளியின் முகம் திறந்த கதவு. எதிராளியின் வலக்கைக்கோ அவருடைய தலை எட்டாது. எதிராளி அடிக்கத் தொடங்கியதும் பின்காலை முதலில் அரை அடி இழுப்பார். நாடி உயராது, இடுப்பு மட்டும் பின்னால் சாயும். குத்து மூக்குக்கு முன்னால் வந்து நிற்கும். அது திரும்பிப் போகிற அந்த இடைவெளியில் இடது கை போய்வரும். பிறகு அவர் அங்கே இல்லை.

2007இல் ரியோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டின்போது அணியை விட்டு நழுவப் பார்த்துப் பிடிபட்டார். அதோடு கியூபா அணியில் அவருக்கு இடமில்லாமல் போனது. 2009இல் நாட்டை விட்டு வெளியேறித் தொழில்முறைக்கு வரும்போது வயது 28. கடை திறக்கவே பிந்திவிட்டது.

2013 ஏப்ரல் 13, நியூயோர்க். எதிரே பிலிப்பைன்சைச் சேர்ந்த நொனிட்டோ டொனாயர், முந்தின வருசத்தின் சிறந்த வீரர் என்று அமெரிக்கக் குத்துச்சண்டை எழுத்தாளர்கள் தெரிந்தெடுத்தவர். ரிகொண்டோவுக்கு அது பன்னிரண்டாவது தொழில்முறைச் சண்டை மட்டுமே. டொனாயரின் பெயர்பெற்ற இடது ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கிற குத்து, வெறும் காற்றைத்தான் வெட்டியது. பத்தாவது சுற்றில் ஒருமுறை அது பட்டது, ரிகொண்டோ விழுந்தார். எழும்பினார், மறுபடி அதே தூரம், அதே கால். கடைசிச் சுற்றில் ஒரு இடது கை டொனாயரின் வலது கண்ணை வீங்கவைத்தது. மனிதர் கையுறையால் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆடினார். மூன்று நடுவர்களும் ரிகொண்டோவுக்கே கொடுத்தார்கள்: 114–113, 115–112, 116–111. அன்றைக்கு அந்த எடையில் அவரைவிடக் கெட்டிக்காரன் உலகத்தில் இல்லை. சனம் கூச்சல் போட்டது.

பிறகு நடந்தது வியாபாரம். தொலைக்காட்சிக்காரர் அவரை விரும்பவில்லை. ஒழுங்குசெய்த பொப் ஆரமே அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதே டிசம்பரில் ஜோசப் அக்பெகோவோடு பன்னிரண்டு சுற்றையும் வென்றார், 120–108, மூன்று நடுவர்களின் அட்டையும் ஒரேமாதிரி. பார்க்க வந்தவர்கள் முடியமுதலே வெளிக்கிட்டார்கள். அதன்பிறகு மக்காவ், ஒசாகா என்று அலைச்சல். ஒசாகாவில் ஜப்பான்காரர் அமகசா அவரை ஒரே சுற்றில் இரண்டு தரம் விழுத்தினார். வென்றது என்னவோ ரிகொண்டோதான், ஆனாலும் எட்டி நிற்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது என்பதை அந்தச் சுற்று காட்டியது.

உண்மையான ஓட்டை வேறு இடத்தில். எதிராளி அடித்தால்தான் இவரிடம் பதில் உண்டு. அடிக்காதவனை என்ன செய்வது? 2017 டிசம்பரில் 122 இறாத்தலிலிருந்து 130க்கு ஏறி, உக்ரைனின் லொமசெங்கோவோடு மோதினார். மூன்றரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம். எடை ஒரு பக்கம் இருக்க, லொமசெங்கோ நேரே வரவில்லை. பொய்க்குத்துக் காட்டி, பக்கத்துக்குச் சுற்றி, ரிகொண்டோவின் முன்காலுக்கு வெளியே தானே போய் நின்றார். ஆறு சுற்றில் ரிகொண்டோ பட அடித்தது 15 குத்து. கட்டிப்பிடித்ததற்கு ஒரு புள்ளி வெட்டு. இடக்கை காயம் என்று ஆறாம் சுற்றோடு நிறுத்திக்கொண்டார். 2021இல் பிலிப்பைன்சின் கசிமெரோவோடு இன்னும் மோசம்: பன்னிரண்டு சுற்றில் இரண்டு பேரும் சேர்ந்து பட அடித்தது 91. அதற்கு விசில் அடித்தவனில் பிழை சொல்லமுடியாது. தீர்ப்பும் இரண்டுக்கு ஒன்றாகக் கசிமெரோவுக்கே போனது.

இப்போது நம்முடைய பிள்ளைகளுக்கு வருவோம். அந்தப் பொத்தான் மெசின் 2013இல் போய்விட்டது. இப்போது அமெச்சூரிலும் சுற்றுக்குச் சுற்று 10–9, வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. தரமான குத்து எத்தனை, சுற்றை ஆண்டது யார், போராடியது யார் என்று பார்க்கிறார்கள். யூடியூபில் ரிகொண்டோவைப் பார்த்து அப்படியே ஆடுகிற பெடியன் ஒரு சுற்றில் நாலு அழகான குத்து அடித்துவிட்டுத் தோற்பான். வீட்டுக்குப் போய் நடுவரைத் திட்டுவான்.

தற்காப்பைக் கைவிடச் சொல்லவில்லை. அதன் வாலில் இன்னும் இரண்டு குத்தைக் கட்டுங்கள் என்கிறேன். இரண்டு மரத்துக்கு நடுவே, பிள்ளையின் தோள் உயரத்துக்குக் கயிறு ஒன்று இழுத்துக் கட்டுங்கள். கயிற்றுக்குக் கீழே முழங்காலை மடக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்வரட்டும். வழமையாக இதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பிழை. எழும்புகிற ஒவ்வொரு தரமும் மூன்று குத்து: நேர்க்குத்து, ஹூக், மறுபடி நேர்க்குத்து. மூன்றாவது முடிந்த பிறகுதான் விலகல், அதுவும் பின்னால் இல்லை, பக்கத்துக்கு. மூன்றாவது குத்து வராவிட்டால் பாரம் குதிக்காலில் இருக்கிறது என்று அர்த்தம். பின்காலின் குதியை ஒரு விரல்கடை தூக்கச் சொல்லுங்கள். கால் பின்னிக்கொண்டால் வேகத்தைக் குறையுங்கள். இரண்டு நிமிடம் ஆடி ஒரு நிமிடம் ஆறுதல், நாலு தரம். அதற்கு மேல் களைப்பில் பிழையைத்தான் பழகுவார்கள்.

குத்திப் பழகுகிற மூட்டையைப் பற்றியும் ஒரு சொல். உரப்பைக்குள் மணலை நிரப்பித் தூக்கிவிடுகிறார்கள். நாலு நாளில் மணல் அடியில் இறுகிக் கல்லாகிவிடும். வயிற்றுக்கு அடிக்கப் பழகுகிற பிள்ளையின் மணிக்கட்டு அங்கேதான் போகும். பழந்துணியைக் கிழித்துப் போட்டு, இடையிடையே மரத்தூள் தூவி, கிழமைக்கொருதரம் தலைகீழாகத் திருப்பிக் கட்டுங்கள். கைக்கு நாலரை மீற்றர் பட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று. கை நொந்தவன் தானாகவே எட்டி நிற்பான், அதைத் தந்திரம் என்றும் சொல்லிக்கொள்வான்.

டொனாயர் சண்டையை இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம். பார்க்கும்போது சத்தத்தைக் குறைத்து, போனின் மேல்பாதியை உள்ளங்கையால் மறைத்துவிடுங்கள். முகமும் கையும் தெரியக்கூடாது. அந்த வலது கால் எங்கே போய் நிற்கிறது என்பதை மட்டும் ஒரு சுற்று முழுக்கப் பாருங்கள். பிறகு பத்தாவது சுற்றுக்குப் போங்கள். அவர் விழுவதற்குச் சற்று முன் அந்தக் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.