ஏழேகால் மணிக் குரல்

(வாசகர் வட்டம் நடத்திய சரோஜ் நாராயணசாமி நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும், எனக்கு எட்டாம் வகுப்பில் இலக்கணம் சொல்லித்தந்த தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இரணியல் பக்கம் இன்னொரு நிகழ்ச்சி இருந்தும் அதை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கேட்டவுடன் இந்த மண்டபத்தைத் தந்த பங்குத்தந்தை அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, நாற்காலி சுமந்த வாசகர் வட்டத் தம்பிகளே, முந்திரி ஆலை வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை நூலகர் அம்மாவுக்குப் போர்த்த அனுமதி கேட்கிறேன். இந்தக் கூட்டம் நடக்க அவர்தான் காரணம்.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று எங்கள் அப்பா எதற்கெடுத்தாலும் சொல்வார். அந்தப் பழமொழியை வைத்துக்கொண்டு இன்று மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் அம்மாவின் உச்சரிப்பு ஒன்று. அன்றைய செய்திக்கும் இன்றைய தொலைக்காட்சிக் கூச்சலுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு. நம் குமரி மாவட்டத்துக்கு வேண்டிய வானொலி மூன்று.

"ஆகாசவாணி. செய்திகள். வாசிப்பது சரோஜ் நாராயணசாமி." தில்லியில் வாசித்ததைத் திருநெல்வேலி அஞ்சல் செய்ய, காலை 7.15க்கு நம் வீடுகளில் அது கேட்டது. சுமார் 35 வருடம் அந்தக் குரல் ஒலித்தது. இந்தக் கூட்டத்துக்காக ஒரு வாரமாக ஊரில் பலரிடம் அவரைப் பற்றி விசாரித்தேன். முந்திரி ஆலைக்குப் போன ஓர் அக்கா சொன்னார்: "எங்க வீட்டுல கடிகாரம் கிடையாது. அந்த அம்மா பேரைச் சொன்னா சோத்துப் பாத்திரத்தை எடுத்துட்டு இறங்கிருவோம்." ஓர் ஆசிரியை, அந்தச் செய்தியைக் கேட்டு எழுதித்தான் பள்ளிக்கூட அசெம்பிளியில் வாசிப்பாராம். குறை சொன்னவரும் உண்டு. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "நல்ல குரல்தான், ஆனா எங்க பாஷை இல்லியே மக்கா. கடலைப் பத்தி ஒரு வார்த்தை வராது" என்றார். அந்தப் பேச்சை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

உச்சரிப்புக்கு வருகிறேன். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் முக்கில் ஒரு சாயாக்கடை. கடைக்கார அண்ணாச்சி ஒருநாள் செய்தி முடிந்ததும், "அந்த 'ழ' எப்படி விழுது பாரும் வே! இது நம்ம நாஞ்சில் நாட்டுக்காரிதான்" என்று சொல்லிவிட்டார். அப்பா விடவில்லை. "தஞ்சாவூர்க்காரி, சந்தேகமே இல்லை" என்றார். பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. ஒரு குலை மட்டிப்பழம் பந்தயம். தையல்காரர் சாட்சி. அண்ணாச்சி அன்றைக்கே குலையை வாங்கிக் கடை உத்திரத்தில் தொங்கவிட்டார். தில்லி நிலையத்துக்கு ஒரு கார்டு போட்டார்கள். எழுதியது நான்தான். 'அம்மா, தங்கள் சொந்த ஊர் எது?' என்று ஒரே வரி. தினமும் தபால்காரர் சைக்கிள் வரும்போது கடையே எழுந்து நிற்கும். பதில் வரவில்லை. குலையோ பழுக்க ஆரம்பித்துவிட்டது. நான்காம் நாள் வாசனை தெரு முழுக்க. ஐந்தாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்தே அறுத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். பந்தயம் மட்டும் முடியவில்லை. அப்பா சாகும்வரை "தஞ்சாவூர்", அண்ணாச்சி சாகும்வரை "நாஞ்சில்".

2022 ஆகஸ்ட் 13ஆம் தேதி சரோஜ் அம்மா மும்பையில் காலமானார். 87 வயது. செய்தித்தாளில் படித்தேன். பிறந்தது மும்பை, பூர்வீகம் தஞ்சாவூர். காதால் கேட்டதை வைத்து இரண்டு பேர் ஆயுள் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறார்கள், தீர விசாரிப்பதே மெய்! அப்பாவுக்குப் பாதி ஜெயம். அண்ணாச்சியின் மகன் இன்றும் அதே இடத்தில் கடை வைத்திருக்கிறார். செய்தித்தாளைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு சீப்பு மட்டிப்பழம் எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

சரி, மும்பையில் வளர்ந்த ஒரு பெண் சொன்ன 'ழ'வைக் கேட்டு எங்கள் ஊர்க்காரி என்று ஒரு சாயாக்கடையே நம்பியதே, அதைவிடப் பெரிய பட்டம் அவருக்குக் கிடையாது. தமிழ்நாடு அரசு கலைமாமணி விருதும் கொடுத்தது.

நம்பிக்கை என்றதும் 1984 அக்டோபர் 31 நினைவுக்கு வருகிறது. இந்திரா காந்தி சுடப்பட்ட நாள். மதியத்திலேயே பி.பி.சி. மரணத்தைச் சொல்லிவிட்டது. ஆகாசவாணி மாலையில்தான் சொன்னது. இடையில் எங்கள் ஊர்க்காரர்கள் "தில்லி சொல்லட்டும்" என்று ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கம் தாமதித்தது தவறு என்பதுதான் என் கருத்து. ஆனால் தீர விசாரித்துத்தான் சொல்வார்கள் என்று ஜனங்கள் காத்திருந்தார்களே, அந்தப் பழக்கத்தை வாசிப்பாளர்கள்தான் உண்டாக்கினார்கள். தொலைக்காட்சியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் மூன்றாவதற்கு வருகிறேன்.

நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் நம் நாகர்கோவிலில்தான் வந்தது. நமக்குப் பெருமை. ஆனால் அது பண்பலை, அதாவது எஃப்.எம். பண்பலை நேர்க்கோட்டில் போகும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் தாண்டினால் கரகரக்கும், அப்புறம் செத்துவிடும். மீடியம் வேவ் என்கிற மத்திய அலை அப்படியில்லை. உப்புத் தண்ணீரை ஒட்டிக்கொண்டே போகும், இராத்திரியில் வானத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டும். இலங்கை வானொலி நம் முற்றத்தில் கேட்டது எப்படி என்று நினைக்கிறீர்கள்?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பிள்ளைகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள். செல்போன் எட்டாத இடம், பண்பலை எட்டாத இடம். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை. கரையில் வீட்டுக்கு வீடு ஒரு வதந்தி. ஒருத்தி வீட்டுக்காரன் லட்சத்தீவில் பத்திரமாக இருக்கிறான் என்பார்கள், அடுத்த நாள் இல்லை என்பார்கள். காதால் கேட்பதும் பொய் என்பதை அந்தப் பெண்களைவிட அறிந்தவர்கள் யார்? தீர விசாரித்துச் சொல்ல ஒரு குரல் அன்று இருந்திருக்க வேண்டாமா?

அதனால்தான் கேட்கிறேன். நாகர்கோவிலுக்குச் சக்தி வாய்ந்த மத்திய அலை ஒலிபரப்பு வேண்டும். தினம் மூன்று வேளை கடல் செய்தி வேண்டும். 'தென்மேற்குத் திசையில்' என்று மட்டும் வாசித்தால் போதாது. கச்சான் காற்று அடிக்குமா, கொண்டலா, வாடையா, கடல் நீரோட்டமான நீவாடு எப்படி ஓடுகிறது என்று நம் பாஷையில் சொல்ல வேண்டும். வலைக்காரப் பெரியவர் கேட்டது இதைத்தான். சரோஜ் அம்மாவைப் போல ஒவ்வொரு எழுத்தும் விழும்படி வாசிக்க நம் கடற்கரைப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இதற்காக ஓர் அலுவலகத்தில் இரண்டு தடவை மனு கொடுத்தேன். ரசீது மட்டும்தான் வந்தது. தனி ஆளின் மனு என்பதால் அப்படி. ஊரே கையெழுத்துப் போட்டால் அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது மனு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேரூராட்சித் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பங்குத்தந்தை அவர்கள் ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு பிரதி வைக்க ஒப்புக்கொண்டார், ஜமாத் தலைவர் வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிரதி கேட்டிருக்கிறார். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு மை அட்டையும் வைத்திருக்கிறோம். வீட்டில் யாராவது கடலில் இருந்தால், பெயருக்குப் பக்கத்தில் படகின் பெயரையும் எழுதுங்கள்.