ஓய்வூதியம் யார் பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் தள்ளிப்போவதாகச் சில ஆண்டுகளாகவே செய்தி வருகிறது. நம் பிள்ளைகள் படிப்பது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ்தானே, நமக்கென்ன என்று தொண்டியிலும் கீழக்கரையிலும் சிலர் நினைக்கலாம். ஆனால் மதுரையில் பணம் தீர்ந்த விதம், வயதான எந்த மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் வரக்கூடியது.

ஓய்வூதியத்தையே எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு அரசுக் கருவூலம் பென்ஷன் தருகிறது. அதே பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் நடத்தியவருக்கோ பல்கலைக்கழகமே தன் நிதியிலிருந்து தர வேண்டும். 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடத்தானே செய்வார்கள்? அரசின் மானியம் அந்த வேகத்தில் கூடவில்லை. ஒரு காலத்தில் தொலைநிலைக் கல்வியில் வந்த பணம் இந்தப் பள்ளத்தை மூடியது. மாநில எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தியதும் அந்த வரவும் இளைத்துப்போனது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் விசித்திரம். 2024 தொடக்கத்தில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். மொத்த வரவில் பாதிக்கு மேல் அரசுப் பணமாக இருந்தால்தான் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்று வரிவிலக்கு கிடைக்கும். அரசுப் பங்கு அதற்குக் கீழே போய்விட்டது என்பது துறையின் வாதம். அரசு குறைவாகக் கொடுத்ததற்குப் பல்கலைக்கழகத்திடம் வரி கேட்டார்கள். இதை எங்கே போய்ச் சொல்வது!

சரி, நம் கரைக்கு இதனால் என்ன? கையில் பணமில்லாத பல்கலைக்கழகம் முதலில் ஆள் எடுப்பதை நிறுத்தும். நிரந்தரப் பேராசிரியர் இருந்த இடத்தில் தொகுப்பூதியத்துக்கு ஒருவரைப் போடும். அப்புறம் தேர்வுக் கட்டணத்தையும் சான்றிதழ் கட்டணத்தையும் தொடும். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் தேர்வுக்குக் கட்டுவது பல்கலைக்கழகத்துக்குத்தான் போகிறது. உதவித்தொகை வந்து சேரும்வரை வீட்டுக் காசுதான். புதுமைப் பெண் திட்டத்தில் அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது, நல்ல திட்டம், மறுக்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு கட்டணமாகத் திரும்பிப் போனால் மாணவிக்கு மிச்சமென்ன?

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கல்லூரிச் சேர்க்கையும் அதை ஒட்டித்தான் வருகிறது. மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் படகுக்குப் போகிறவர் வீட்டில் அப்போது நூறு ரூபாய் கூடினாலும் கடன்தான். படிப்பை நிறுத்தும் பேச்சு முதலில் மகளைப் பற்றித்தான் எழும்.

பல்கலைக்கழகங்கள் வீண்செலவு செய்யவில்லை என்று நான் வாதாட வரவில்லை. தணிக்கையில் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு ஆண்டுக்கணக்கில் பதில் சொல்லாமல் இருந்தால், மானியத்தைப் பிடித்தம் செய்ய அரசுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது. அந்தக் கணக்கைக் கறாராகவே கேட்கட்டும். ஆனால் ஓய்வூதியம் வீண்செலவு இல்லை. அரசுக் கல்லூரி ஆசிரியருக்குச் செய்வதுபோல அதையும் கருவூலமே ஏற்க வேண்டும். உயர்கல்வித் துறை மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வருகிறது. நம் மாவட்டத்து உறுப்பினர்கள் புதுக் கல்லூரி கேட்கிறார்கள், கட்டடம் கேட்கிறார்கள். இதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லி அவர்களுக்கு நாம் எழுதலாம்.