ஆன்மிகத்துக்கும் அட்டெண்டன்ஸா?

வணக்கமுங்க. வாசலில் ஒரு தம்பி நோட்டோடு நிற்கிறார், இந்தக் கூட்டத்துக்கும் அட்டெண்டன்ஸ் உண்டாம். தலைப்பு என்னவென்றால், மாணவர்களின் ஆன்மிக நலம்! சரி, நான் பேச வேண்டியதில் பாதியை அந்த நோட்டே பேசிவிட்டது.

நம்ம பேரூரில் ஆனி மாதம் நாற்று நடவு உற்சவம் நடக்குமே, அதன் கதை தெரியுமா? சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்றதும், கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத நம்ம சிவன் பட்டீசுவரர், அம்மனையும் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி ஒளிந்து நாற்று நட ஆரம்பித்துவிட்டார். நந்தியிடம் 'சொல்லிவிடாதே' என்று வேறு சொல்லிவைத்தார். அது சுந்தரருக்குக் கண்ணைக் காட்டிவிட்டது. சாமி சேற்றுக் காலோடு நின்றதை நாம் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம், ஆனால் கேம்பஸில் வேலை கிடைக்காத நம் வீட்டுப் பையன் தீபாவளிக்குக்கூட ஊருக்கு வராமல் ஹாஸ்டலிலேயே ஒளிந்துகொள்கிறான், வந்தால் மாமனில் இருந்து பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரைக்கும் 'அரியர் எத்தனை?' என்றுதானே கேட்கிறோம்.

எனக்கு மூன்று அரியர் இருந்த வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன், வீட்டில் இருக்க முடியவில்லை. தாராபுரம் தாண்டி உள்ளங்காலில் கொப்புளம். ஒரு பெரியவர் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தடவிவிட்டு, 'செருப்பைப் போட்டுக்கிட்டு நட சாமி, முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்' என்றார். எந்தக் காலேஜ் என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்றும் இல்லாமல் போய் நிற்க ஒரு இடம், அதைத்தான் நான் ஆன்மிகம் என்பேன். பெரியார் பிறந்த ஈரோட்டில் இருந்து வந்து, சாமியே இல்லை என்கிற பிள்ளைக்கும் அந்த இடம் வேண்டும். அவனுக்கு அது நூலகமாக இருக்கலாம், நொய்யல் கரையாக இருக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. தியான வகுப்பு வையுங்கள், நல்லதுதான், அதற்கு மார்க் மட்டும் போடாதீர்கள். ஒரு பிள்ளை வாரக்கணக்கில் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தால் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், மந்திரிக்கிறது எல்லாம் அப்புறம்.

அந்த நோட்டுத் தம்பி எங்கே? உள்ளே வந்து உட்காருங்க கண்ணு. எழுந்து போக நினைக்கிறவர்கள் கையெழுத்துப் போடாமலே போகலாம், பிரின்சிபாலிடம் நான் பேசிக்கொள்கிறேன்.