திருநெல்வேலி வெயில்ல ஃபியூஷியா: வாடுனா உடனே தண்ணி ஊத்திராதீங்க

வணக்கம். இது ஃபியூஷியா, தொங்குதொட்டியில வளக்குற பூச்செடி. போனைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வாரேன், இந்த இலையைப் பாருங்க. மத்தியானம் ரெண்டு மணி. துவண்டு தொங்குது. இதைப் பாத்ததும் கை தானா தண்ணிச் செம்புக்குப் போகும். போகக் கூடாது. மொதல்ல விரலை ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள்ள விடுங்க. இந்தா, விரல்ல ஈரம் ஒட்டுது. அப்ப இது தாகம் இல்ல, வெக்கை. இலை விடுத தண்ணி வேகத்துக்கு வேரால குடுக்க முடியல, அவ்வளவுதான். நிழல்ல மாட்டுங்க, சாயங்காலம் தானா நிமிந்துரும். மறுநாள் காலையிலயும் துவண்டே இருந்தாத்தான் வேர்ல கோளாறு.

நம்ம ஊர்ல ஃபியூஷியா சாகுறது பெரும்பாலும் தண்ணி பத்தாம இல்ல. ஈர மண்ணுல மேல மேல ஊத்தி, வேருக்குக் காத்து இல்லாம அழுகித்தான். இந்தா, செத்துப் போன செடியோட வேரு. நல்ல வேரு வெள்ளையா இருக்கணும். இது காப்பி நிறத்துல இருக்கு, இழுத்தா தோலு உரிஞ்சு உள்ள நூலு மட்டும் நிக்குது. இதைக் காப்பாத்த முடியாது.

அடிப்படையில இது குளிர்ந்த மலைக்காட்டுச் செடி. 1703-ல ப்ளூமியேங்கற ஃப்ரெஞ்சுக்காரரு, ஃபூக்ஸ்ங்கற ஜெர்மன் தாவர அறிஞர் பேரை இதுக்கு வச்சாரு. நம்ம ஈழத்தலரிக்கு ப்ளூமேரியான்னு பேரு வந்தது அந்த ப்ளூமியேயாலதான். ஈழத்தலரி நம்ம வெயிலைத் தாங்கும், இது தாங்காது. ஊட்டியில வருசக்கணக்கா நிக்கும். பாளையங்கோட்டையில ஐப்பசியில வாங்கி மாசிவரை பூ பாக்கலாம். அதுக்கு மேல ஆசைப்பட்டா ஏமாத்தம்தான்.

தொட்டி 12 இஞ்ச், அதுல மூணு செடி. கலவைக்கு, கழுவுன தேங்காய் நார்த்தூள் ரெண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (காத்தோட்டத்துக்குப் போடுற லேசான வெள்ளைக் குருணை) ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கரிசல் மண்ணு வேண்டவே வேண்டாம், இறுகிரும். நார்த்தூள் கட்டியை ஊற வச்சு, நல்ல தண்ணியில மூணு தடவை அலசிப் பிழிஞ்சிருங்க. இல்லைன்னா உப்பு நிக்கும், இலை ஓரம் கருகும். உப்புப் போர்த் தண்ணி ஊத்துனாலும் அதேதான். குழாய்த் தண்ணியோ மழைத்தண்ணியோ பிடிச்சு வச்சிக்கிடுங்க.

பிளாஸ்டிக் தொட்டிக்கு அடியில ஒரு தட்டு மாட்டி விப்பாங்க, பாத்திருப்பீங்க. அதைக் கழத்தி வீசுங்க. உள்ள தண்ணி நிக்கும், நீங்க கீழ இருந்து பாத்தா தெரியவே தெரியாது.

காலையில ஏழு மணிக்குள்ள ஊத்துங்க, அடியில சொட்டுற வரை. அதுக்கு முன்னால தொட்டியைத் தூக்கிப் பாருங்க; கனமா இருந்தா அன்னைக்கு வேண்டாம். ஒருவேளை ரொம்பக் காஞ்சு நார்த்தூள் சுருங்கிட்டா, ஊத்துற தண்ணி ஓரமா இறங்கி ஓடிரும். அப்ப வாளித் தண்ணியில தொட்டியைக் கால் மணி நேரம் முக்கி வச்சு, வடியவிட்டு மாட்டுங்க.

கிழக்குப் பாத்த பால்கனின்னா நல்லது. ஒன்பது மணி வரை வெயிலு போதும். மேக்குச் சுவரு பக்கம் மாட்டுனா, சுவரு விடுத சூடு ராத்திரியும் விடாது, ராத்திரி சூட்டுல மொட்டு உதிரும்.

கொழுந்து கிள்ளுறதுலதான் நிறைய பேர் தப்புப் பண்ணுதாங்க. மூணு ஜோடி இலை வந்ததும் நுனியை நகத்தால இப்படிக் கிள்ளணும், பக்கக் கிளை வரும். ஆனா கடைசியாக் கிள்ளுனதுல இருந்து பூக்க ஆறுல இருந்து எட்டு வாரம் ஆகும். அதனால நவம்பர் 15-க்கு மேல கை வைக்காதீங்க. வச்சா பூக்குற நேரத்துல வெயிலு வந்து நிக்கும். அடுக்குப் பூ ரகத்துக்கு இன்னும் கூட நாளாகும், ஒத்தப்பூ ரகமே வாங்குங்க.

19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்குறது) லிட்டர் தண்ணிக்கு ஒரு கிராம், வாரம் ஒரு தடவை, ஈர மண்ணுல. வாடி நிக்கிற செடிக்கு உரம் குடுக்கக் கூடாது.

பூ உதிர்ந்ததும் காம்பு நுனியில பச்சையா உருண்டைக் காய் நிக்குது பாருங்க, இதையும் சேத்துக் கிள்ளுங்க. விட்டா சத்து பூராவும் அதுக்குப் போயி பூ குறையும்.

இலையைத் திருப்பிப் பாருங்க. ஆரஞ்சுப் பொடி இருந்தா துரு நோய். அந்த இலையைப் பறிச்சுக் குப்பையில போடுங்க, இலை மேல தண்ணி தெளிக்காதீங்க. வெள்ளை ஈ, செஞ்சிலந்திக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, ஷாம்பு 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணியில கலந்து சாயங்காலம் இலைக்கு அடியில அடிங்க.

கொக்கிக்கு ஆணி பத்தாது. நனைஞ்ச தொட்டி நல்ல கனம் இருக்கும், கான்கிரீட்ல டிரில் போட்டு ஆங்கர் போல்ட் வைங்க.

பங்குனி பிறந்ததும் இதை எடுத்துட்டு, அதே தொட்டியில பத்துமணிப் பூக் குச்சியை நாலு இஞ்ச் நறுக்கி, பத்துக் குச்சி சொருகிருங்க. அதுக்கு வெயிலு எவ்வளவு அடிச்சாலும் காணாது.