படத்தின் பின்புறத்தில் ஒரு பெயர்

(நூலக வார விழாவையொட்டி, ஒரு மாவட்ட மைய நூலகத்தில் மக்கள் ஆவணப் புகைப்படப் பயிலரங்கைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பயிலரங்கில் சேர்ந்துள்ள தாய்மார்களே, மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புகைப்படப் பயிற்சியை நூலகத்தில் எதற்காக நடத்த வேண்டும் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். படம் எடுக்க எங்கு வேண்டுமானாலும் கற்கலாம். ஆனால் எடுத்த படத்துக்கு யார், எங்கே, எப்போது என்று குறிப்பெழுதி, நாற்பது ஆண்டுகள் கழித்து முன்பின் அறியாத ஒருவர் வந்து கேட்டாலும் தேடி எடுத்துக் கொடுக்கும்படி வைத்துக் காப்பது நூலகர்களின் தொழில். அந்தப் பாதி இல்லாமல் எந்தப் படமும் ஆவணம் ஆகாது.

அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் உழவர்களை நிலத்தை விட்டு விரட்டிய காலத்தில், 1935 முதல் அந்நாட்டு அரசே புகைப்படக்காரர்களை ஊர் ஊராக அனுப்பியது. ராய் ஸ்ட்ரைக்கர் தலைமையில் நடந்த அந்தப் பணியில் சேர்ந்த ஏறத்தாழ 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்று வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுள் உலகமே அறிந்த படம், 1936 மார்ச் மாதத்தில் கலிபோர்னியாவின் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் டோரத்தியா லாங்க் எடுத்தது. இரண்டு குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாயின் தோளில் சாய்ந்திருக்க, கைக்குழந்தை மடியில் கிடக்க, கன்னத்தருகே கையை வைத்தபடி அந்தத் தாய் எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். வயது முப்பத்திரண்டு, ஏழு குழந்தைகளின் தாய் என்று படக்குறிப்பு சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை. அவர் செரோக்கி பழங்குடி வழிவந்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதை உலகம் 1978-இல்தான் அறிந்தது. என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை என்று தாம்சன் வருந்தினார். லாங்கின் பரிவில் எனக்கு ஐயமில்லை. அத்தனை பரிவுள்ள ஒருவரிடமே இப்படி நேர்ந்தது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நம் மண்ணில் நடந்தது இதைவிடக் கொடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்தின்போது, ஹூப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாய் நின்றவர்களைப் படமெடுத்தார். நாம் இன்று காணும் பிரதிகளில் அவர்களின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அவர்கள் நம் பாட்டன் பூட்டன்மாராக இருக்கலாம். எந்த வீட்டார் தங்களவர் என்று உரிமை கொண்டாட முடியும்?

இந்தக் குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரச்சந்தையில், துருத்தியை மிதித்துக்கொண்டு பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிக்கொண்டிருந்த பெரியவரைப் படமெடுத்தேன். நல்ல படம் என்று பலரும் சொன்னார்கள். பெயர் கேட்காமல் வந்துவிட்டேன். பிறகு பிரதி கொடுக்கலாம் என்று தேடிப் போனபோது அந்த இடத்தில் அவர் இல்லை. பக்கத்துக் கடைக்காரருக்கும் ‘ஈயம் பூசுகிறவர்’ என்பதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது.

1892-இல் சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதை, நூலகவியலுக்குத் தாம் வகுத்த விதிகளில் ஒன்றாக வைத்தார். ஊராரின் படங்களுக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் வழியாக நாம் வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். நாம் கட்டும் வரியில் நடக்கும் இந்த இடத்தில் நம் தெருவின் படங்களும் அடுக்கப்பட வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது. நியூயார்க்கில் குவீன்ஸ் பொது நூலகமும் குவீன்ஸ் கல்லூரியும் சேர்ந்து 2010-இல் தொடங்கிய நினைவகத் திட்டம், குடியிருப்பவர்களின் படங்களையும் வாய்மொழி வரலாற்றையும் அவர்களிடமிருந்தே பெற்று இப்படித்தான் சேர்த்துவருகிறது.

பயிலரங்கில் விலையுயர்ந்த கேமரா யாருக்கும் தேவையில்லை. கைப்பேசி போதும், கூடவே ஒரு நோட்டும் பென்சிலும் வேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்குவதோடு, எடுத்த நாளும் இடமும் அதிலிருந்து நீங்கிவிடும் என்பதால், மூலக் கோப்பை மாற்றாமல் நேரடியாக இங்குள்ள கணினியில் ஏற்ற வேண்டும். ஒரே வன்தட்டை நம்பாமல், ஒரு பிரதியை வேறு கட்டடத்திலும் வைப்போம். வீடுகளிலிருந்து வரும் பழைய படங்களை ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெரியவர்களின் திருமணப் படத்தை ஓரிரவுகூட இங்கே நிறுத்திவைக்கக் கூடாது.

சம்மதம் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவம் எளிய தமிழில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் சொல்ல விரும்பாதவரின் பெயரை எழுதக் கூடாது. பின்னாளில் படத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். எந்தப் படத்தை வைப்பது, எதை விடுவது என்பதையும் படத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்துதான் முடிவுசெய்வோம். ஸ்ட்ரைக்கர் தமக்குப் பிடிக்காத நெகட்டிவ்களில் துளையிட்டுப் பாழாக்கினார். அப்படித் துளையிடும் அதிகாரத்தை நான் உட்பட ஒருவர் கையிலும் இங்கே கொடுக்கப் போவதில்லை.

முதல் வகுப்பில் யாரும் படம் எடுக்கப் போவதில்லை. உங்கள் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் யார் என்று கேட்டு, பேனாவின் மை மறுபக்கம் ஊறிவிடும் என்பதால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். அவருக்கும் அடையாளம் தெரியாத முகம் ஏதாவது இருந்தால், அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அங்கிருந்துதான் வகுப்பைத் தொடங்குவோம்.