ரசம் சிந்திய நோட்டு

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்று பலமாக இருக்கிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலையில் பாப்பாவைத் தொட்டுப் பார்த்தால் லேசாகச் சுட்டது. தெர்மாமீட்டரில் 99.6. ஆறு வயதுக் குழந்தை. எனக்கோ பாண்டிச்சேரியில் வேலை, அன்றைக்கு லீவு கேட்கவே முடியாது. பாராசிட்டமால் சிரப் கொடுத்து, ரசம் சாதம் கட்டி, பள்ளிக்கு அனுப்பிவிட்டு மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

பதினொன்றரைக்குப் போன். "பாப்பா வாந்தி எடுத்துட்டா, உடனே வாங்க."

பாண்டியிலிருந்து கடலூருக்கு 20 கிலோமீட்டர் சொச்சம்தான். அன்றைக்கு அரியாங்குப்பம் தாண்டுவதற்குள்ளேயே எனக்கு உயிர் போய்விட்டது. போய்ப் பார்த்தால், பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறக்கவே இல்லை. ரசம் கசிந்து கணக்கு நோட்டு முழுக்க மஞ்சள்.

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. என் மனசு ஆறவில்லை. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானேதான் "நீயெல்லாம் ஒரு அம்மாவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேலும் போன் பார்க்க விட்டேன். ஒருநாள் அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தபோது கண்ணைத் திறந்து கேட்டாள்: "அம்மா, நான் வாந்தி எடுத்ததாலதான் அழுவுறியா?"

என்னை நானே அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். அடி அவள்மேல் விழுந்திருக்கிறது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கிறிஸ்டின் நெஃப் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர், நம்மேல் நாமே காட்டும் பரிவைப் பற்றி 2003-இல் எழுதியிருக்கிறார். அதில் மூன்று விஷயம்: நடந்ததை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பார்ப்பது, தவறுவது எல்லா மனிதருக்கும் உள்ளது என்று உணர்வது, அன்பாகத் தன்னிடம் பேசுவது. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்குப் பிடிபட்டது. என் தங்கை இதையே செய்துவிட்டு வந்து அழுதால் என்ன சொல்வேன்? "அன்னைக்கு உனக்கு வேற வழி தெரியலடி. அடுத்த தடவை யாரைக் கூப்பிடலாம்னு யோசிப்போம்." கவனியுங்கள், தப்பே இல்லை என்று அவளிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து என்ன என்று யோசிப்பேன். என்னைத் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

மறுநாள் எதிர்வீட்டு அத்தையிடம் பேசி, அவர் நம்பரைப் பள்ளியில் கொடுத்தேன். பாப்பாவிடமும் உட்கார்ந்து சொன்னேன்: "உன்மேல தப்பே இல்லடா. காய்ச்சலோட அனுப்பினது அம்மா தப்பு."

இப்போதும் சில ராத்திரி அந்த மஞ்சள் நோட்டு ஞாபகம் வரும். நெஞ்சில் கையை வைத்து, தங்கையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசிக்கொள்வேன். உங்களுக்குத் தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் இப்படியே போனால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அன்றைக்கு நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "சரிம்மா. ஆனா அடுத்த தடவை ரசம் வேணாம், இட்லி வை" என்றாள்.